செதலு ஏறும் வழி

சூளூர்பேட்டையில் தமிழும் தெலுங்கும் ஒரே பேச்சுக்குள் மாறி மாறி ஓடும். அரித்துப்போன நிலைக்கட்டையைக் காட்டி ஒருவர் 'செல் புடிச்சிருக்கு' என்பார். பக்கத்தில் நிற்பவர் 'செதலு பட்டிந்தி' என்பார். பழந்தமிழ் கறையான் என்னும் இந்தப் பூச்சியைச் சிதல் என்றும் சிதலை என்றும் அழைத்தது. தெலுங்கின் செதலு அதற்கு உடன்பிறப்பு. இரு மொழிகளும் தனித்தனி வழியே போவதற்கு முன்பே கறையான் மனிதர் வீட்டுக்குள் வந்து பெயர் வாங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஊரின் கிழக்கே பழவேற்காடு ஏரி, ஊரை ஒட்டிக் காளங்கி ஆறு, ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழை, அதற்குப் பின் நெடுங்கோடை. 2022 ஏப்ரல் 4 வரை நெல்லூர் மாவட்டத்திலும் அன்றிலிருந்து திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் வரவுக்குப் பிறகு வீடுகள் பெருகின. ஏரிக்கரை நிலங்களும் பழைய வயல்களும் மனைகளாயின. ஈரமும் வெப்பமும் மக்கும் வேர்களும் உள்ள மண்ணின் மேல் வீடு கட்டுகிற எந்த ஊரும் கறையானைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதுதான். அந்தக் கவலையை நாம் தவறான இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம். கறையானை மருந்துக்கடைக்காரரின் பொறுப்பில் விட்டுவிட்டோம். அது கொத்தனாருடைய பொறுப்பு, மேஸ்திரியுடைய பொறுப்பு, வீட்டுக்காரர் கண்ணின் பொறுப்பு. அதை வீட்டிலிருந்து என்றென்றைக்கும் விலக்கி வைக்கும் வேலி இல்லை. அது மறைந்து வரும் வழிகளை எடுத்துவிட்டு, வந்தால் கண்ணில் படும்படி வரச் செய்வது மட்டுமே நம்மால் ஆகக்கூடியது.

பூச்சியைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் இந்த வாதம் நிற்கும். வெள்ளை எறும்பு என்ற பெயர் கறையானுக்குப் பொருந்தாது. எறும்பு குளவியின் வழியில் வந்தது. கறையானோ கரப்பானின் வழியில் வந்தது. 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டுக் கறையான்களைக் கரப்பான் குடும்பத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்று காட்டினார்கள். எறும்பின் மேல் கெட்டியான ஓடு இருக்கிறது, வெயிலில் ஊர்கிறது. வேலைக்காரக் கறையானுக்கு உடல் மெல்லியது, கண் கிடையாது, திறந்த காற்றில் சில மணி நேரம் விட்டாலே உலர்ந்து செத்துப்போகும். இந்த ஒரு பலவீனத்திலிருந்துதான் அதன் வாழ்க்கை முழுதும் பிறக்கிறது. உலகில் ஏறத்தாழ 3,000 கறையான் இனங்களும் இந்தியாவில் 300 அளவிலும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை மனிதருக்குக் கெடுதல் செய்வதில்லை. உதிர்ந்த இலையையும் பட்ட மரத்தையும் மண்ணாக்கித் தருகின்றன. சேஷாசலம் காட்டின் கரடிக்கும் அழுங்குக்கும் அவைதான் உணவு. மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல், இருளர் வீட்டுச் சட்டியில் வறுபட்டுத் தின்பண்டமாகிறது. ஆகையால் கறையானை ஒழிக்க வேண்டும் என்பது நியாயமான இலக்கு அல்ல, நடக்கக்கூடிய இலக்கும் அல்ல. வீட்டுக்குள் வரும் சில இனங்களை வீட்டிலிருந்து தள்ளி நிறுத்துவதே இலக்கு. இந்தப் பக்கத்தில் அவற்றுள் முதன்மையானது ஒடோன்டோடெர்மிஸ் என்னும் பேரினம். வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் புற்றெடுப்பதும், புற்றே தெரியாமல் தரைக்கடியில் கூடு வைப்பதும் அதில் உண்டு. காப்டோடெர்மிஸ் ஹெய்மி, ஹெட்டிரோடெர்மிஸ் இண்டிகோலா ஆகியவையும் கட்டிடங்களைத் தாக்குபவை. கடலோரத்தில் இன்னொரு வகை இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அது என் வாதத்துக்கு அடங்காதது.

தென்னிந்தியக் கறையானைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியவர்களில் ஒருவர் யோஹான் கெர்ஹார்ட் கேனிக். லின்னேயஸின் மாணவர், 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் மிஷனின் மருத்துவராக வந்தவர், 1774 முதல் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக இருந்தவர். தஞ்சாவூர்ப் பகுதிப் புற்றுகளைப் பிளந்து பார்த்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியானது. இரண்டாண்டு கழித்து, 1781இல், ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் எழுதியது லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது. கூட்டுக்குள் பஞ்சுபோன்ற அடைகளில் காளான் வளர்வதைக் கேனிக் கண்டு குறித்தது பெரிய கண்டுபிடிப்பு. ஒடோன்டோடெர்மிஸ் தின்ற மரத்தைத் தன் வயிற்றில் முழுதாகச் செரிப்பதில்லை. அதை அடையாக அடுக்கி, அதன்மேல் டெர்மிட்டோமைசிஸ் என்ற காளானை வளர்த்து, காளான் பதப்படுத்தித் தந்ததைத் தின்கிறது. மழைக்குப் பின் புற்றின்மேல் குடை விரிக்கும் புற்றுக்காளான் அந்தப் பண்ணையின் பூ. ஆனால் கேனிக், ஸ்மீத்மன் காலத்திலிருந்தே மக்கள் கற்பனையைப் பிடித்துக்கொண்டவை புற்றும் அதன் நடுவே வீங்கிக் கிடக்கும் ராணியும்தான். புற்றை வெட்டி ராணியை எடுத்துப் போட்டால் தொல்லை தீரும் என்ற நம்பிக்கை இன்றும் வலுவாக இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இது அநேகமாக உதவாது. வீட்டுக்குள் வருகிற கூட்டத்தின் கூடு பக்கத்து மனையில் இருக்கலாம், சாலைக்கு அந்தப்புறம் இருக்கலாம், வீட்டுத் தரைக்கடியிலேயே பல அடி ஆழத்தில் இருக்கலாம். ராணி போனால் பதிலுக்கு வேறொன்று முட்டையிடத் தலைப்படும் இனங்களும் உண்டு. நமக்கு உண்மையில் வேண்டியது கூட்டைப் பற்றிய அறிவைவிட, கூட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பாதையைப் பற்றிய அறிவு.

அந்தப் பாதை ஈரத்தால் ஆனது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனீ போர்ஜஸும் தேஜஸ் மூர்த்தியும் தங்கள் மாணவர்களோடு ஒடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் புற்றுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கறையான் சரியான பதத்துக்கு ஈரம் சேர்த்த மண்ணை உருண்டை பிடித்து அடுக்குகிறது; அதன் சுரப்போடு சேர்ந்து அந்த மண்ணின் வலிமை சுற்றியுள்ள மண்ணைப்போல ஏறத்தாழ 10 மடங்காகிறது என்று கண்டார்கள். அதே நகரில் செய்த வேறொரு ஆய்வு 2015இல் வெளிவந்தது. பகலில் புற்றின் புறச்சுவர் சூடாகி இரவில் குளிர்வதால் உள்ளே காற்று ஓடுகிறது, கூடு மூச்சு விடுகிறது என்று அது அளந்து காட்டியது. வெளியில் என்ன வெயில் அடித்தாலும் கூட்டுக்குள் ஈரம் குறையாது. சுவரில் நாம் காணும் மண்கோடும் அதே கட்டிடக்கலையின் சிறு வடிவம்: உலர்ந்த உலகத்தின் ஊடே ஈரமான ஒரு சுரங்கம். இதை நம் முன்னோர் வேறொரு பக்கத்திலிருந்து அறிந்திருந்தார்கள். 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீரைத் தேடுவதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இன்ன மரத்துக்கு இன்ன திசையில் புற்று இருந்தால் இவ்வளவு ஆழத்தில் ஊற்று என்று அதில் விதிகள் வரும். அந்த விதிகளை இக்கால நீரியலோடு வைத்து ஆராய்ந்தவர் திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் ஈ.ஏ.வி. பிரசாத். அவர் நூலை அப்பல்கலைக்கழகமே 1980இல் வெளியிட்டது. திருமலைத் தலபுராணத்திலும் சீனிவாசன் தங்கியிருந்தது புற்றில்தான். புற்றுக்கு இந்த மண்ணில் இருக்கும் மரியாதை பெரிது. கிணறு வெட்டப் போகிறவனுக்குப் புற்று நல்ல சகுனமாக இருந்ததே, வீடு கட்டப் போகிறவனுக்கு எச்சரிக்கையாகவும் இருந்திருக்க வேண்டும்: இங்கே அடியில் ஈரம் இருக்கிறது, அது மேலே ஏறும், அதோடு செதலும் ஏறும்.

மரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் திருப்பதி, சித்தூர், கடப்பை மலைகள் இந்த விஷயத்தில் உலகுக்குப் பாடம் சொல்பவை. சேஷாசலம், வேலிகொண்டா, பாலகொண்டா மலைத்தொடர்களில் இயற்கையாக வளரும் செம்மரத்தின் நடுக்கட்டையைக் கறையான் தொடாது. தேக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் பெருமை மரம் முழுவதற்கும் உரியதன்று. 'வைரம் பாய்ந்த கட்டை' என்ற சொல்லில் தச்சர்களின் அறிவு முழுதும் அடங்கியிருக்கிறது. மரத்தின் நடுவே கறுத்து இறுகிய வைரத்தில் கறையானுக்கு ஒவ்வாத பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. அதைச் சுற்றியுள்ள வெளிறிய இளம்பகுதி தேக்கானாலும் செம்மரமானாலும் கறையானுக்கு நல்ல தீனி. நன்கு முற்றிய பனையின் கறுத்த புறக்கட்டை கூரைக்கு உத்தரமாக அறுபது எழுபது ஆண்டு நிற்கும்; இளம்பனை சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். இன்று தேக்கு என்று விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இளவயதில் வெட்டிய தோட்டத்துத் தேக்கு. அதில் வைரம் குறைவு, வெளிறிய பகுதி மிகுதி. போதாததற்கு வீட்டு மரச்சாமான்களின் இயல்பே மாறிவிட்டது. மரத்தூளையும் மரச்சீவலையும் பசையில் அழுத்திய பலகைகள் கறையானுக்கு ஏற்கெனவே அரைத்து வைத்த மாவு. பழைய வீட்டில் வாசல் நிலையும் உத்தரமும் மட்டுமே மரமாக இருந்தன, அவையும் வைரமாக இருந்தன. இன்றைய வீட்டில் சமையலறை முழுதும், படுக்கையறைச் சுவர் முழுதும் இந்தப் பலகைகள். கான்கிரீட் வீட்டில் மரமே இல்லை என்று சொல்பவர்கள் தங்கள் கப்போர்டுகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய கட்டுமானம் கறையானை எப்படி எதிர்கொண்டது? முற்றத்து மரத்தூண் எதுவும் நேரே மண்ணில் ஊன்றப்பட்டதில்லை. அதன் அடியில் கல்பீடம் இருக்கும். அந்தக் கல் அழகுக்காக மட்டும் வைத்ததன்று. மண்ணிலிருந்து மரத்துக்கு ஏற வேண்டுமானால் கறையான் கல்லின் வெளிப்புறத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி மண்கோடு இழுக்க வேண்டும். காலையில் வாசல் பெருக்குகிறவர் அதைத் துடைப்பத்தால் தட்டிவிடுவார். உயர்ந்த திண்ணை, கருங்கல் அடித்தளம், நெற்குதிரின் கற்கால்கள் எல்லாம் இதே காரியத்தைச் செய்தன. அந்த வீடுகளைப் பொன்னாக்கிக் காட்ட நான் முயலவில்லை. மெட்ராஸ் டெரஸ் கட்டிடங்களின் தேக்கு உத்தரங்கள் முதலில் கெட்டது சுவருக்குள் செருகிய முனைகளில்தான். மழைநீர் இறங்கும் இடமும் அதுவே, யார் கண்ணும் எட்டாத இடமும் அதுவே. பழைய வீடு எங்கெல்லாம் உலர்ந்தும் தெரிந்தும் இருந்ததோ அங்கெல்லாம் தப்பியது. எங்கெல்லாம் ஈரமாகவும் மறைவாகவும் இருந்ததோ அங்கெல்லாம் தோற்றது. அதன் வெற்றியும் தோல்வியும் ஒரே விதியைத்தான் சொல்கின்றன.

இந்த விதியை நாம் மறந்ததற்குக் காரணம் ஒரு வேதியியல் வெற்றி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் குளோர்டேன், ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர், டீல்ட்ரின் என்ற மருந்துகள் வந்தன. அவற்றை ஒருமுறை மண்ணில் ஊற்றினால் இருபது முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்து கறையானைக் கொன்றுகொண்டிருக்கும். இந்தியத் தர நிறுவனம் 1971இல் வெளியிட்ட 6313 எண் விதிமுறை இந்த மருந்துகளை நம்பி எழுதப்பட்டது. ஆனால் அதன் முதல் பகுதி மருந்தைப் பற்றியதே அல்ல, கட்டும் முறையைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுமுன் மருந்திடுவது இரண்டாம் பகுதி. கட்டிய வீட்டுக்கு மருந்திடுவது மூன்றாம் பகுதி. அந்த வரிசையே சரியான வரிசை. நடைமுறையிலோ முதல் பகுதி மறைந்து, மற்ற இரண்டும் மட்டும் தொழிலாயின. முப்பது ஆண்டு நிற்கும் விஷம் கையில் இருக்கும்போது கல்பீடத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்? கொத்தனார் பிழை எதுவானாலும் மண்ணிலிருந்த மருந்து அதை மூடிக்கொண்டது. ஆனால் மண்ணில் அழியாத பொருள் உடலிலும் அழிவதில்லை. அது கொழுப்பில் தங்கியது, தாய்ப்பாலில் வந்தது, உணவுச் சங்கிலியில் ஏறியது. அமெரிக்கா 1988இல் கறையானுக்குக் குளோர்டேன் இடுவதை நிறுத்தியது. இந்தியா 1996இல் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் மூன்றையும் தடை செய்தது. 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றை உலக அளவில் ஒதுக்கியது. இது சரியான முடிவு, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த முடிவின் மறுபாதியை நாம் செய்யவில்லை. முப்பது ஆண்டு மருந்தை எடுத்த பிறகும் முப்பது ஆண்டு மருந்து இருப்பதைப்போலவே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தடைசெய்யப்பட்ட மருந்துகளின் இடத்துக்கு வந்தவை குளோர்பைரிபாஸ், பைபென்த்ரின், இமிடாகுளோபிரிட். இவற்றின் ஆயுள் குறைவு. குறிப்பாகக் குளோர்பைரிபாஸ் காரத்தன்மையிலும் வெப்பத்திலும் விரைவில் சிதையும். சிமெண்டும் நம் கோடையும் இரண்டையும் தாராளமாகத் தருகின்றன. அளவைப் பாருங்கள். விதிமுறைப்படி பேஸ்மட்டத்து மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் ஊற்ற வேண்டும். அடித்தளச் சுவரை ஒட்டிய மண்ணுக்கு 7.5 லிட்டர். 1,000 சதுர அடி வீடு என்றால் ஏறத்தாழ 93 சதுர மீட்டர். தரைக்கு மட்டும் 465 லிட்டர் கரைசல். 20 விழுக்காடு குளோர்பைரிபாஸ் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்தால்தான் 1 விழுக்காட்டுக் கரைசல் வரும். அப்படியானால் தரைக்கே 23 லிட்டருக்கு மேல் மருந்து வேண்டும். இரண்டு லிட்டர் டப்பாவோடும் கைத்தெளிப்பானோடும் வந்து அரை நாளில் வேலை முடிந்தது என்று பத்தாண்டு உத்தரவாதச் சீட்டு எழுதித் தருகிறவரிடம் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். முறையாக அளந்து அடித்தாலும், மறுநாள் குழாய் வேலைக்காரர் அதே மண்ணைத் தோண்டிக் குழாய் பதிக்கிறார். மருந்துத் திரையில் அங்கே ஓட்டை விழுகிறது. கறையானுக்கு ஓர் ஓட்டை போதும். மண்ணில் போர்வையாக விரிக்கப்படும் எந்த மருந்தும் எங்கும் விட்டுப்போகாமல் இருந்தால்தான் பயன் தரும். கட்டுமானம் நடக்கிற இடத்தில் எதுவும் அப்படி இருப்பதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு: குறையாக அடித்தால் குற்றம் அடித்தவருடையது, நிறையவும் முறையாகவும் அடித்தால் போதாதா? பாதி அளவுக்கு இதை ஏற்கிறேன். புதிதாக வானம் தோண்டும்போது முறைப்படி மருந்திடுவது பயனுள்ளதே. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நிறைய அடிப்பதற்கும் விலை உண்டு. பழவேற்காட்டை அடுத்த மணற்பாங்கான நிலத்தில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. போர்வெல்லும் கழிவுநீர்த் தொட்டியும் வீடும் ஒரே சிறு மனைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. குளோர்பைரிபாஸ் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் நீரோடு போகாது. ஆனால் அது நரம்பைத் தாக்கும் மருந்து. அமெரிக்காவில் 2000இல் அதன் வீட்டுப் பயன்பாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்ததற்குக் குழந்தைகள் நலமே காரணம். 2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மாநாடு, சில விலக்குகளோடு, அதையும் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது. இமிடாகுளோபிரிட் மனிதருக்கு அதைவிடத் தீங்கு குறைந்தது என்றாலும் நீரில் கரைந்து இறங்கும்; மணலில் அது நல்ல குணம் அன்று. மருந்தைக் குறைத்தால் பயனில்லை, கூட்டினால் கெடுவது நம் கிணறு. இந்த இக்கட்டிலிருந்து வெளியே வர ஒரே வழி, மருந்தின் தோளிலிருக்கும் பாரத்தில் பெரும்பகுதியைச் சுவரின் மேலும் தரையின் மேலும் ஏற்றுவது.

அது எப்படி? முதலில், மண்ணுக்கடியில் தீனி வைக்காமல் இருப்பது. பேஸ்மட்டம் நிரப்பும் மண்ணோடு சவுக்குக் கழி, சென்ட்ரிங் பலகைத் துண்டு, ஆப்பு, சிமெண்ட் மூட்டையின் காகிதம் எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. பழைய மரத்தின் வேர் பாதி வெட்டப்பட்டு அப்படியே மூடப்படுகிறது. கறையானை வீட்டு வாசலுக்கு விருந்து வைத்து அழைத்துவிட்டு அப்புறம் மருந்தடிப்பதைப்போன்றது இது. அடுத்து, கான்கிரீட் கறையானுக்கு உணவு அன்று, ஆனால் சுவரும் அன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விரிசலில் அது நுழையும். தரைக்கும் சுவருக்கும் இடையிலான மூட்டு, தரையைத் துளைத்து வரும் குழாய்களின் சுற்று, மின்கம்பிக் குழாய் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான வீடுகளின் வாசல்கள். அங்கே நெருக்கமான கான்கிரீட்டும் நல்ல அடைப்பும் தேவை. 1957இல் கலிபோர்னியாவில் எபெலிங், பென்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஓர் எளிய உண்மையைக் கண்டார்கள்: குறிப்பிட்ட பருமன் உள்ள மணலைக் கறையானால் கடக்க முடியாது. மணி பெரிதாக இருப்பதால் வாயால் தூக்க முடியாது. மணிகளுக்கிடையே உள்ள சந்து சிறிதாக இருப்பதால் தலை நுழையாது. ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுள்ள உடைகல்லை வீட்டின் அடியிலும் குழாயைச் சுற்றியும் கொட்டுவது இன்று நடைமுறை. ஆஸ்திரேலியா 1995இல் பழைய மருந்துகளை விட்டபோது, துருப்பிடிக்காத எஃகு வலையும் இந்தக் கல்லும் அங்கே அவற்றின் இடத்தைப் பிடித்தன. தெருவுக்குத் தெரு எம்-சாண்ட் லாரி ஓடும் நம் பக்கத்தில் அளவெடுத்துச் சலித்த கல்லுக்கு ஏன் பஞ்சம் என்று கேட்க வேண்டும். இங்குள்ள இனங்களின் தலை அளவுக்கு ஏற்ற மணியளவைச் சோதித்துத் தருவது பொறியியல் கல்லூரி ஒன்று ஓராண்டில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

இவற்றைவிட மலிவானது, இவற்றைவிட அதிகம் புறக்கணிக்கப்படுவது, பேஸ்மட்டத்தின் வெளிமுகம். தரைமட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரமாவது சுவரின் அடிப்பகுதி வெளியில் தெரிய வேண்டும். நாம் அதை மறைக்க எத்தனை வழிகள் கண்டுபிடித்திருக்கிறோம்! சுவரை ஒட்டிச் செடிப்பாத்தி கட்டி நாளும் தண்ணீர் விடுகிறோம். சுற்றுமதிலுக்குள் முழுதும் இன்டர்லாக் கல் பாவி மண்ணைச் சுவர் வரை உயர்த்துகிறோம். ஏசி தண்ணீர்க் குழாயைச் சுவரோரம் சொட்டவிடுகிறோம். பக்கத்து மனையைவிடத் தாழக் கூடாது என்று சாலை உயர உயர வாசல் மண்ணையும் உயர்த்துகிறோம். பத்தாண்டில் பேஸ்மட்டம் பூமிக்குள் போய்விடுகிறது. உள்ளேயோ குளியலறையின் ஈரச் சுவருக்கு மறுபுறம், சுவரோடு சுவராகப் பலகை அலமாரி அறைந்து, அதன் பின்புறத்தை இனி யாரும் பார்க்க முடியாதபடி செய்கிறோம். ஈரம், இருட்டு, தீனி ஆகிய மூன்றையும் கட்டிய கையாலேயே ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறோம். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி, அடியில் பலகைக்குப் பதில் கல், குளியலறைச் சுவரில் மரமே இல்லாமை என்ற மூன்றுக்கும் செலவு ஏறத்தாழ இல்லை. பணமில்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதுவே பதில். மருந்துக் கம்பெனியின் உத்தரவாதச் சீட்டு வாங்க வசதி இல்லாத வீடும் பேஸ்மட்டத்தைத் தெரியும்படி வைத்துக்கொள்ள முடியும்.

அயல்நாடுகளில் வெற்றி பெற்ற இரைப்பொறி முறையை இங்கே கொண்டுவரலாம் என்பது இன்னொரு யோசனை. கறையானின் தோல் உரிதலைத் தடுக்கும் மருந்தைக் காகிதக்கூழில் கலந்து மண்ணில் புதைத்தால், வேலைக்காரர்கள் அதைத் தின்று கூட்டுக்கும் ஊட்டி, சில மாதங்களில் கூடே அழியும். 1990களில் புளோரிடாவில் நான்-யாவ் சூ உருவாக்கிய இம்முறை மிகக் குறைந்த விஷத்தில் வேலை செய்கிறது. கொள்கையளவில் எனக்கு மிகவும் உவப்பானது. ஆனால் அது காப்டோடெர்மிஸ் போன்றவற்றுக்காக வடிவமைக்கப்பட்டது. காளான் வளர்க்கும் இனங்கள் அந்த இரையை அவ்வளவாக நாடுவதில்லை என்பது தென்கிழக்காசிய ஆய்வாளர்களின் அனுபவம். சுற்றிலும் ஒடோன்டோடெர்மிஸ் இருக்கும் ஊரில், எந்த இனம் வந்திருக்கிறது என்று பார்க்காமல் இரைப்பொறிக்குப் பணம் கட்டுவது வீண். வேப்பெண்ணெய், உப்பு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவை பட்ட இடத்தில் சில வாரம் கறையானை விலக்கும். அது வேறு வழியில் வரும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்; அது மண்ணையும் தண்ணீரையும் கெடுத்துவிட்டுப் போகும்.

முன்பு தள்ளி வைத்த வகைக்கு இப்போது வருகிறேன். கிரிப்டோடெர்மிஸ் என்னும் உலர்மரக் கறையானுக்கு மண் வேண்டாம், மண்கோடு வேண்டாம், கூடுதல் ஈரமும் வேண்டாம். கடற்காற்றின் ஈரப்பதம் போதும். ஈசலாகப் பறந்து வந்து, ஒரு நாற்காலிக் காலின் வெடிப்புக்குள் புகுந்து, அந்த மரத்துக்குள்ளேயே தலைமுறைகளை நடத்தும். உயர்ந்த பேஸ்மட்டமும் சலித்த கல்லும் அதற்கு முன்னால் பயனற்றவை. மரத்தின் அடியில் கசகசாபோன்ற உலர்ந்த மணிகள் உதிர்ந்திருப்பதே அதன் முக்கிய அடையாளம். இங்கே காப்பு மரத்திலேயே இருக்க வேண்டும்: வைரக்கட்டை, அல்லது போராக்ஸ் போன்றவற்றை உள்ளிறக்கிப் பதப்படுத்திய கட்டை, எல்லாப் பக்கமும் பூசிய வண்ணம். கட்டுமானமே காப்பு என்ற வாதத்துக்கு இது ஒரு வரம்பு. ஆனால் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும் என்ற விதிக்கு இதுவும் விலக்கல்ல. பெருக்குகிறபோது அந்த மணிகளைக் காண்பவர் வீட்டில் இருந்தால் ஒரு நாற்காலியோடு போகும்.

ஆகவே மீண்டும் அந்தக் கண்ணுக்கே வர வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, பருவமழைக்கு முன் புரட்டாசியிலும் வெள்ளம் வடிந்து மண் உலரத் தொடங்கும் தையிலும், ஒரு டார்ச் விளக்கும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றிவர வேண்டும். பேஸ்மட்டத்தின் நான்கு முகம், குழாய் நுழையும் இடங்கள், மாடிப்படியின் அடி, மீட்டர் பலகையின் பின்புறம், நிலைக்கட்டைகளின் பாதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நிலையைத் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கிறதா, வண்ணம் குமிழ் விட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மண்கோடு கண்டால் உடனே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றுவது பழக்கம். அப்படிச் செய்தால் வழி தெரியாமல் போய்விடும். கோட்டின் நடுவில் இரண்டு விரல் நீளம் மட்டும் உடைத்துவிட்டு விட வேண்டும். காய்ந்து வெறுமையாகக் கிடந்தால் அது எப்போதோ கைவிடப்பட்ட பாதை. மறுநாள் காலையில் உடைத்த இடம் ஈரமான புதுமண்ணால் மூடியிருந்தால் கூட்டம் உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்தக் கோடு சுவரில் எங்கே தொடங்குகிறது என்று கீழ்நோக்கிப் பின்தொடர்ந்து, அது மண்ணைத் தொடும் இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூட்டில் ஓரடிக்கு ஒரு துளையிட்டு மருந்து செலுத்துவது அதற்கு அடுத்த வேலை.